என் முட்டிக்கு ஒன்றுமில்லை

ஜனவரி 12, ஞாயிறு

மகன் அய்மான் மறுபடி ஒரு தைலம் வாங்கி வந்திருக்கிறான். முட்டிக்காம். வீடே நாட்டு மருந்துக் கடைபோல நாறுகிறது. என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும்.

இருமினால் சிறுநீர் கசிகிறது. தொழும்போது நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தாலும் கசிகிறது. தொழுகைக்கு முன் செய்த ஒளு முறிந்துவிடும், திரும்பக் கைகால் கழுவி ஒளு செய்து வந்து நின்றால் மறுபடி அதே கதை. இதை யாரிடம் சொல்வது? போன வருஷம் முட்டி வலி என்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. தரையில் நெற்றி பட்டு எத்தனை மாசம் ஆயிற்று.

ஜனவரி 19

நெல்லித்தோப்பிலிருந்து நாத்தனார் மெஹருன்னிசா வந்தார். "என்னவிட சின்னவ நீ. நான் தரையில தொழுறேன், உனக்கு நாற்காலி கேக்குது." சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரி 23

தண்ணீரைக் குறைத்தால் சரியாகும் என்று குறைத்தேன். இப்போது நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது.

பிப்ரவரி 3

இவர் என்னை உப்பளத்து எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனார். எக்ஸ்ரே. "முட்டி நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் டாக்டர். "அப்போ வலி எங்கேர்ந்து வருது?" என்று இவர் என்னைக் கேட்கிறார். நான் என்னத்த சொல்ல? எதற்கும் இருக்கட்டும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி 6

பிசியோதெரபியில் பாக்கியலட்சுமி என்று ஒரு பெண். உட்கார்ந்து எழச் சொன்னாள். எழுந்தேன், கசிந்தது. பர்தாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"முட்டியில ஒண்ணுமில்ல, இல்லக்கா?"

அழுதுவிட்டேன். புள்ள பெத்த உடம்பு, வயசும் ஆவுது, இப்படித்தானே இருக்கும்னு கேட்டேன். "நிறைய பேருக்கு வருதுக்கா. அதுக்காக அப்படியே விட்டுடணும்னு இல்ல" என்றாள். சிறுநீர்ப்பையைத் தாங்குகிற தசை தளர்ந்திருக்கிறதாம். சிறுநீரை அடக்குவதுபோல அதை உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தும்மல் வருகிறது என்றால் அதற்கு முன்னே பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. கடுப்புக்குப் பெண்கள் டாக்டரைப் பார்க்கவும் சொன்னாள்.

இத முன்னாடியே யாராவது சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?

பிப்ரவரி 24

கடுப்பு போய்விட்டது. கசிவு போகவில்லை. தும்மினேன், போச்சு. மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க என்கிறாள். சொல்லுவா, அவளுக்கென்ன.

ஏப்ரல் 14

மிளகாய் நெடியேறித் தும்மல் வந்தது. பிடித்தேன். நின்றது. அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

மே 20

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலமாரியில் இருந்த பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ அந்தத் தைலம்லாம்?" என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

ஜூன் 7

பக்ரீத். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடித் தொழுதோம். நான் தரையில் நின்றேன். நெற்றி பாயில் பட்டது. எதுவும் கசியவில்லை. எழவே மனமில்லை.

தொழுகை முடிந்து திரும்பினால், பின்வரிசையில் என் நாற்காலியில் மெஹருன்னிசா அண்ணி. நல்லாக் கேட்டுவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது.

நான் அடுப்படிக்குப் போக, பின்னாலேயே வந்தார். "எனக்கும் கொஞ்ச நாளா முட்டி வலி, நிஷா. இருமக்கூட பயமா இருக்கு. நீ எந்தத் தைலம் போட்ட?"

நான் போய் அடுப்படிக் கதவைச் சாத்தினேன்.

"முட்டியில ஒண்ணுமில்ல, இல்லண்ணி?"