நான் வெட்டாமல் விட்ட வார்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் பையைப் போலீஸ் ஸ்டேஷனில் மதினியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தையல்கூட விடவில்லை. தார்ச்சாலையில் அத்தனை தூரம் உரசியும் முதுகுப்பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். மலையேறுகிறவர்களுக்காக நாம் தைத்த நைலான். கடைக்காரர்களிடம் ஆணியால் குத்தி இழுத்துக் காட்டி, “கிழிங்க பாப்போம்” என்று சவால் விடுவாயே, அதே துணி.

அன்று காலை நடந்தது நம் இருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. புதிதாகத் தைத்திருந்த அந்தப் பையை முதுகில் மாட்டி, இடுப்பு வாரையும் பூட்டிக்கொண்டு, வத்தலக்குண்டுக் கடையில் காட்டிவர பைக்கில் ஏறினாய். ஒல்லியானவர், பருத்தவர் எல்லோருக்கும் ஆகட்டும் என்று அந்த வாரின் நுனியை ஒரு முழம் கூடுதலாக விட்டுத்தானே தைப்போம்? வாங்குகிறவர் போட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை வெட்டுவோம்.

“ஏ கலா, வாலு தொங்குது பாரு. செத்த வெட்டி விடு.”

“இரும்பு இன்னும் சூடாகலண்ணே.”

“கத்தரிய எடு.”

“கத்தரியில வெட்டுனா நூல் நூலாப் பிரிஞ்சு நிக்கும். கடைக்காரரு பாத்தா என்ன நெனப்பாரு? வந்ததும் வெட்டித் தாரேன், போ.”

“ஆமா, பொண்ணு பாக்கப் போறேன் பாரு, அலங்காரம் கொறையக் கூடாது” என்று சிரித்தபடி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாய்.

சூட்டு இரும்பால் வெட்டினால் நைலான் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். பிசிறு இருக்காது. எனக்குப் பிசிறு பிடிக்காது. அன்றைக்கு மட்டும் பிடித்திருந்தால் என்ன?

சேவுகம்பட்டி தாண்டியதும் செருகியிருந்த நுனி நழுவிப் பின்சக்கரத்தில் சிக்கி, உன்னைக் கீழே தள்ளி இழுத்துப்போனது. பின்னால் வந்த லாரிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வாரு அறுந்திருந்தா ஆளு பொழச்சிருப்பாரும்மா. அம்புட்டு இழுத்தும் அறுகலையே.” நான் அதை விழுங்கிக்கொண்டேன். வண்டி சறுக்கிவிட்டது என்றுதான் மதினியிடம் சொன்னேன். ஏழு மாதம் அப்படியே சொல்லிவந்தேன்.

உன் மகள் நித்யா காலேஜில் சேர்ந்துவிட்டாள் அண்ணே. தினமும் ஸ்கூட்டியில்தான் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் வீட்டுக்குப் போனபோது மதினி அந்தப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். “ஒண்ணுமே ஆகல பாரு கலா. எம்புள்ள போட்டுக்கட்டும். அவரே கூடப் போற மாதிரி இருக்கும்ல?” என்றார்.

வார் நுனி ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே முழ நீளம். சக்கரத்துக் கருப்பு போகவில்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மதினி அழவில்லை. “அவரு வெட்டச் சொன்னாரா?” என்று கேட்டார்.

“ஆமா மதினி.”

“கத்தரி பக்கத்துலதான் இருந்துச்சா?”

“மேசையிலதான் இருந்துச்சு.”

கொடியிலிருந்து பையை இழுத்தெடுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று நித்யா பட்டறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. “அத்தை, அம்மா ஒங்கள வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. பைய வாசல்ல போட்டுக் கொளுத்திட்டாங்க. அது சாம்பலாகவே இல்ல அத்தை. உருகி சிமென்ட்டுத் தரையில ஒட்டிக்கிட்டுச்சு. அம்மா தோசக்கரண்டிய வச்சுச் சொரண்டிக்கிட்டே இருக்காங்க. கையெல்லாம் ரத்தம்.”

எரித்தாலும் போகாத ஒன்றை நான் உங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாளை காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போகிறேன். மதினி திட்டலாம், தெருவே கூடி நிற்கலாம். மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன். அவர் கையிலிருந்து அந்தக் கரண்டியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து, தரையில் ஒட்டிக் கிடப்பதைச் செதுக்கி எடுப்பேன். அவர் உன்னை மிதிக்காமல் வீட்டுக்குள் போய்வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ கேட்டதைச் செய்யாமல் அனுப்பிய உன் தங்கச்சி,
கலா