ஜீப்பின் இடப்பக்கச் சீட்டு

பாப்பாரப்பட்டி,
ஆனி மாதம், புதன்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நவநீதனும் என் பேத்தி இளநிலாவும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன் அடித்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன்தான் அவருக்கு ஜீப் வீடியோ பார்க்கிற டிவி, எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அதனால் உன் சித்திக்குக் கொஞ்சம் வெங்காயம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, தவிர மனசும் ஒரு நிலையில் இல்லை.

முதலில் நல்ல சேதியை எழுதிவிடுகிறேன். கறுப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மாங்காய் இந்தத் தடவை காற்றில் நிறைய உதிர்ந்துவிட்டது, இருந்தாலும் உனக்கு ஊறுகாய் போட்டு வைத்துவிட்டேன். நீங்கள் ஆடியில் வருகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜீப்புக்குப் புதுக் கேன்வாஸ் கூரை தைத்தாகிவிட்டது, புதுப் பச்சை பழைய பச்சையோடு ஒத்துப்போகவில்லை என்று தையல்காரரோடு சண்டை போட்டு மறுபடி தைக்க வைத்தார். பல் தேய்க்கிறாரோ இல்லையோ, பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்க்காமல் காபியைத் தொடுவதில்லை. பழைய வேட்டியில் மெத்தென்று இருக்கிற பக்கம் வண்டி துடைக்க, கிழிந்த பக்கம் அவர் தலை துவட்ட. ஹெட்லைட் வளையத்தில் முகம் பார்த்து நான் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கிறது. நீ பிறப்பதற்கு முன் அரூர்ப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாங்கி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, கம்பெனியில் போட்ட போல்ட்டுகூட மாறவில்லை என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லுவார். பெங்களூரில் இருந்து பையன்கள் தேடி வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவிடுகிறார். என் சமையலை என்றைக்காவது இப்படிப் பாராட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர், சோறு தெனமும் புதுசா வருது, இது ஒரு தடவதான வந்துது என்கிறார். இவரோடு என்ன பேசுவது சொல்.

பேத்திக்கு என்று ஒரு குட்டி சீட்டு செய்து, தனக்கு இடப்பக்கத்தில் பொருத்தி வைத்திருக்கிறார். அதற்கு மெத்தை உண்டு, பெல்ட் உண்டு. கதவு இல்லாத வண்டி என்பது உனக்குத் தெரியும், அந்த இடைவெளியில் தொங்குகிற சங்கிலியைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். ஆடிப் பதினெட்டு அன்று வழக்கம்போல் ஒகேனக்கல்லுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காவிரித் தண்ணீரில் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டுமாம், இந்த வருஷம் பேத்தி கையால் பொட்டு வைக்க வேண்டுமாம். நீயும் போன வாரம் போனில், தாத்தா மலை இறக்கத்தில் ஃபோர் வீல் போட்டுக் காட்டுவார் என்று குழந்தைக்கு ஆசை காட்டிவிட்டாய். நீயும் அவரும் எப்போதும் ஒரே கட்சி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவரை வைத்துக்கொண்டு உன்னிடம் எதைச் சொல்வது.

கவி, உன் அப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன், உட்கார்ந்து படி. போன வருஷம் தர்மபுரியில் கண் முகாமுக்குப் போனார் அல்லவா, அங்கேயே கண்ணில் பிரஷர் இருக்கிறது, சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, சேலத்தில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாட்டில் தீர்ந்ததும் எரியுது என்று நிறுத்திவிட்டார். என்னிடம் கண்ணாடிதான் பழசு, கண்ணுக்கு ஒன்னும் இல்ல என்றார். இப்போது இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். அந்தப் பக்கம் நான் நின்றால் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்க்கிறார். கேட்டால் கழுத்துப் பிடிப்பாம்.

போன சந்தை நாளில் இரண்டு பேரும் ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எதிரே பஸ் வந்தது, அப்பா வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினார். அந்தப் பக்கம் ஒரு பெண் மொபெட்டில் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையை நிறுத்திக்கொண்டு எங்களுக்கு இணையாக வந்துகொண்டிருந்தாள். அவள் மொபெட்டின் கைப்பிடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி எப்படியோ காலை ஊன்றிக்கொண்டாள், பிள்ளை வீறிட்டு அழுதது. ஏங்க பெரியவரே, கண்ணு தெரியலீங்களா, கொழந்த வெச்சிருக்கறன் பாருங்க என்று கத்தினாள். உன் அப்பா விடுவாரா, ஓரமா போ தாயி, வண்டி வர்றது உனக்குத் தெரியலயா என்று திருப்பிக் கத்தினார். என்னிடம், நீ கத்துனதுதான் ஆபத்து, ஆளு பயந்துட்டா என்றார். வீடு வரும்வரை நான் அந்தப் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதைவிட வீட்டுக்கு வந்தபின் பார்த்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முன்சக்கரத்துக்கு மேல் இடது மட்கார்டில் மொபெட் கண்ணாடி இழுத்துவிட்ட கோடு, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் வழக்கம்போல் வாளியும் துணியுமாக வண்டியைச் சுற்றி வந்து துடைத்தார். அந்தக் கோட்டின் மேலேயே துணியை ஓட்டிவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டார். ஒரு முறை ஆடு கொம்பால் உரசியதற்கு அன்றைக்கு முழுதும் சாப்பிடாமல் இருந்த மனிதர், கவி. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சொன்னேன். ஜீப்பை ஓட்டாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க என்றேன். அவ்வளவுதான், வூட்ல இருக்கறவளே என்னக் குருடன்னு சொல்றா என்று தோட்டத்துக்குப் போய்விட்டார், அன்று முழுதும் முகம் கொடுக்கவில்லை. என் பேச்சு எடுபடாது. உன் பேச்சைத்தான் கேட்பார். அதனால் நீதான் சொல்ல வேண்டும். அப்பா, உங்களுக்குக் கண் தெரியவில்லை, என் குழந்தையை அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடு. நோகத்தான் செய்யும். ஆனால் ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரு பக்கம் இருக்கிற பாறையையும் மறுபக்கம் பள்ளத்தையும், நடுவில் திருவிழாக் கூட்டத்தில் ஓடுகிற பஸ்களையும் நினைத்துப் பார். அவருக்குத் தெரியாத பக்கத்திலா என் பேத்தியை உட்கார வைப்பது? அம்மா போட்டுக்கொடுத்தாள் என்று தெரிந்தால் தெரியட்டும். அவர் என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை

கடிதம் போகவில்லை கவி. அன்று கூரியர் கடை பூட்டிக் கிடந்ததால் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதற்குள் இங்கே நடந்ததைக் கேள். நேற்றுக் காலை அப்பா என்னிடம் ராகி மூட்டை ஒன்றைக் கேட்டார். எதற்கு என்றால், பாப்பா எடைக்குக் கேவுரு சீட்டுல கட்டி ஓட்டிப் பாக்கறன், குலுக்கல் தாங்குதான்னு தெரியணும்ல என்கிறார். நீங்கள் போனில் சொன்ன எடையைக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். அதே எடைக்கு ராகியைப் போட்டு, வாயைக் கட்டி, குட்டி சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டையும் மாட்டினார். சங்கிலியையும் கொக்கியில் போட்டார். தோட்டத்து வழியாக ஒரு சுற்று, மேடு பள்ளத்தில் ஃபோர் வீல் போட்டு ஒரு சுற்று, இதோ வந்துடறன் என்று கிளம்பினார். நான் தடுத்தேன். சொந்த தோட்டத்துல யாரு வரப்போறா என்று சிரித்தார்.

வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சிரித்த முகத்தோடு இறங்கினார். அசையல புள்ள, கல்லு மாதிரி உக்காந்திருக்குது என்றார். நான் வண்டியின் பின்னால் பார்த்தேன். தோட்டத்து முனையில் இருந்து வாசல்வரை ராகி கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தது. இடப்பக்கத்து வேலிக் கல்லில் நீட்டிக்கொண்டிருந்த முள்கம்பி மூட்டையின் தோள்பக்கத்தில் ஏறி அடிவரை கிழித்துவிட்டிருக்கிறது. சங்கிலி அறுந்து மண்ணில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சத்தமும் இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பெல்ட் மட்டும் அப்படியே இருந்தது, பாதி மூட்டையைப் பிடித்துக்கொண்டு. மூட்டை இருந்த இடத்தில் நம் குழந்தையை நினைத்துப் பார்த்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து இடப்பக்கம் நின்றார். முதலில் சிரிப்பு போகவில்லை, அவருக்கு விளங்கவில்லை. பிறகு கையை நீட்டிக் கிழிசலைத் தடவிப் பார்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி ராகியை எடுத்தார், விரல் இடுக்கில் அது கொட்டிக்கொண்டே இருந்தது. கோழிகள் வந்து காலடியில் பொறுக்க ஆரம்பித்தன, அவர் விரட்டவில்லை.

திட்டுவதற்கு வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டார், பட்டப் பகலில் தார்ப்பாயைப் போட்டு மூடினார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர் தலையைத் தூக்காமல், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார், ஆடிப் பெருக்குக்கு வாடக காரு சொல்லிடு காவேரி. கவிகிட்ட மட்டும் கண்ணுன்னு சொல்லிடாத. அவ வந்ததும் நானே சொல்லிக்கறன், வண்டி கெட்டுப்போச்சு, கியர் பாக்ஸ் போயிடுச்சு, பழசு, இனிமே நம்பி ஏற முடியாதுன்னு. இதைச் சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கவி, ஒரு தடவை விலை கேட்டு வந்த ஆள் அந்த வண்டியைப் பழைய சாமான் என்று சொன்னதற்காக, ஊற்றி வைத்த மோரைக்கூடக் கொடுக்க விடாமல் அனுப்பியவர் உன் அப்பா. அவர் வாயாலேயே அதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

ஆனால் உன் அம்மா அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சரிங்க, நானும் அப்படியே சொல்றன், ஆனா செவ்வாக்கெழம சேலத்துக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு என்னோட பஸ் ஏறணும் என்றேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் சரி என்றார். போன பார்வை திரும்பாது என்று உன் சித்தி சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும், டாக்டர் சொல்லட்டும். இருக்கிற கண்ணையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் எனக்குக் கவலை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மனசு மாறிவிடுவாரோ என்று இப்போதிருந்தே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் புதன்கிழமை நான் எழுதியபடி எதுவும் அவரிடம் சொல்லிவிடாதே. போனிலும் கண் என்ற பேச்சே வேண்டாம். இளநிலா அழுவாள், அவளை நீ எப்படியாவது சமாதானம் செய்துகொள். மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வை, அவர் தெரியாமல் மாமா ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டுவிடப் போகிறார். பயணத்துக்கு ஏறும் முன் நன்றாகச் சாப்பிடு, குழந்தைக்குக் காதில் பஞ்சு வை. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நம் குலதெய்வம் உங்களுக்கு முன்னும் பின்னும் துணை நிற்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அப்பா கியர் பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லும்போது, உனக்குத்தான் வண்டி தெரியுமே என்று எந்தக் கியர், என்ன சத்தம் என்று துருவாதே. அந்த வண்டியைப் பற்றிப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, மாட்டிக்கொள்வார். அப்படியா அப்பா என்று மட்டும் கேட்டுக்கொள். கொட்டகைக்குள் போனாலும் சாவியைத் தொடாதே. இன்று காலையிலும் நான் தூங்குவதாக நினைத்துத் தார்ப்பாயை ஒதுக்கிச் சாவியைப் போட்டுப் பார்த்தார். ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
காவேரி