கடைசித் தாள் சமூக அறிவியல்

ஜூன் 16

இன்று முதல் உலகப்போரை எட்டு நிமிடத்தில் முடித்தேன். பள்ளியில் இதற்கு ஆறு பீரியட் எடுப்பேன்.

ஏப்ரலில் சேலையூர்ப் பள்ளியை மூடிய பிறகு கிடைத்த வேலை இது. மேடவாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே ஸ்டுடியோ. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. பத்தாம் வகுப்பு வரலாறு, குடிமையியல், புவியியல் எல்லாவற்றையும் ஒரு கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் போனில் பார்ப்பார்களாம்.

பழக்கதோஷத்தில் "புரியுதா?" என்று கேட்டுவிட்டு நின்றேன். கேமராமேன் ஜெபராஜ் ஹெட்போனைக் கழற்றினார்.

"இன்னா மேடம், மறந்துட்டீங்களா?"

"இல்ல, பதிலுக்கு வெயிட் பண்றேன்."

சிரித்துவிட்டார். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

ஜூன் 20

நாள் முழுக்கப் பேசினேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 3

ஜெபராஜ் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். என் வயதுதான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேமராவுக்குப் பின்னால் கொட்டாவி விடுவார். அதை வைத்துத்தான் இப்போதெல்லாம் பாடத்தை நடத்துகிறேன். கொட்டாவி வந்தால் இன்னொரு உதாரணம்.

இன்று அடிப்படை உரிமைகள். கொட்டாவியே வரவில்லை. முடிந்ததும், "ஆறுதானா மேடம்? நெறைய இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் மனைவி பேபி, சானடோரியத்தில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாராம். ஒன்பதாவதோடு நின்றவர், அடுத்த வருடம் தனியாகப் பத்தாவது எழுதப் போகிறாராம். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கர் வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்களாம்.

"இந்த ஆறையும் அவ கிட்ட சொன்னா அவ்ளோதான், வூட்ல டெய்லி பேஜாரு" என்றார்.

பஸ்ஸில் வரும்போதும் நினைத்துச் சிரித்தேன். பக்கத்து ஸீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 20

ஞாயிறு. ரசம் கொதிக்கும்வரை போனில் என் பாடத்தையே ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தியாவின் காலநிலை. நடுவில் நானே "ம்" போட்டேன்.

என்ன ஆச்சு எனக்கு? என் கணவர் பெங்களூருக்குப் போய் அவருக்கு வேறு குடும்பமாகி எத்தனையோ வருஷம். அப்போதுகூட இப்படி இல்லையே. அப்போது பள்ளிக்கூடம் இருந்தது. காலையில் போனால் நாற்பது வாய்.

ஆகஸ்ட் 22

மேனேஜர் தேவதர்ஷினி கூப்பிட்டாள். சின்னப் பெண், மரியாதையானவள்.

"மேடம், இனிமே நீங்க டெய்லி வர வேண்டியதில்ல. நாங்க குடுக்கறத ஒரு நாள் படிச்சுக் குடுத்தா போதும். மீதி லெஸன் எல்லாம் சிஸ்டமே உங்க முகம், உங்க வாய்ஸ்ல செஞ்சிடும்."

"அப்ப நான்?"

"வீட்லயே ரிலாக்ஸ்டா இருக்கலாம் மேடம்."

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனாலும்... வீட்ல இருக்கலாமாம். என் வீட்ல என்னடி இருக்கு?

ஆகஸ்ட் 25

படிக்கப் போனேன். மறுக்க எனக்கு என்ன வழி இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன்.

முதலில் எண்கள், பிறகு ஊர்ப் பெயர்கள், நீளமான வாக்கியங்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் உணர்ச்சி வேண்டுமாம். சந்தோஷமாக "சபாஷ்". கனிவாக "பயப்படாதே, நான் இருக்கிறேன்".

அங்கே நின்றுவிட்டேன். யாருக்குச் சொல்கிறேன் இதை? ஏதோ ஒரு பிள்ளை பரீட்சைக்கு முதல் நாள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும். அதனிடம் என் குரல் போய் நான் இருக்கிறேன் என்று சொல்லும். நான் இருக்கமாட்டேன். அந்தப் பிள்ளை இருப்பதுகூட எனக்குத் தெரியாது.

மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "என்னால முடியலம்மா."

தேவதர்ஷினி கோபப்படவில்லை. "பரவால்ல மேடம், வேற டீச்சர் பார்த்துக்கறோம்" என்றாள். கோபப்பட்டிருக்கலாம்.

ஜெபராஜ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை வந்தார். மாதக் கடைசியோடு அவருக்கும் வேலை இல்லையாம். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? பேபி டியூஷன் போவுது. கணக்கு, சயின்ஸ் எல்லாம் சொல்லித் தராங்கோ. சோஷியல மட்டும் நீயே மனப்பாடம் பண்ணிக்கன்றாங்கோ. ஞாயித்துக்கெயம உங்க வூட்டுக்கு அனுப்பவா?"

பார்க்கலாம் என்றேன். பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 2

யாரும் போன் செய்யவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 7

பேபி வந்தாள். நாற்பதைத் தொடும் வயது, வேகமான நடை. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கதான் அந்த டீச்சரா? எங்க வூட்டுக்காரரு உங்க போரு, உரிமைன்னு ரெண்டு மாசமா உயிரெடுக்கறாரு."

போருக்குமுன் ஐரோப்பா எப்படி இரண்டு அணியாகப் பிரிந்தது என்று சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"இருங்க டீச்சர். இவன் மேல கை வெச்சா அவன் வருவான், அவன் வந்தா இவனோட கூட்டாளி வருவான். அதானே? எங்க நாத்தனார் கல்யாணத்துல பிரியாணி பந்தியில இப்டித்தான் நடந்துச்சு. கடைசில எதுக்கு ஆரம்பிச்சுதுன்னே ஒருத்தனுக்கும் தெரில."

எனக்கு அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

செப்டம்பர் 28

இந்த வாரம் கம்பெனியில் இரட்டை ஷிப்ட். மண் வகைகளில் கரிசலுக்கு வரும்போதே பேபியின் கண் சொருகிவிட்டது. "அஞ்சு நிமிசம் டீச்சர்" என்று புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தரையிலேயே படுத்துவிட்டாள்.

எழுப்பவில்லை. ஃபேனை ஒரு புள்ளி குறைத்தேன். பாத்திரம்கூடக் கழுவவில்லை. வீட்டுக்குள் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம். நாற்காலியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் அவளுக்கு வெட்கம். "பாடம் போச்சே!" என்றாள்.

நவம்பர் 9

தப்பு செய்துவிட்டேன்.

வரைபடத்தில் கோதாவரியை அரபிக் கடலில் கொண்டுபோய் விட்டாள். மூன்றாவது தடவை. நான் பென்சிலைப் பிடுங்கி, "இதுகூடவா தெரியல? எட்டாங்கிளாஸ் பசங்க போடுவாங்க!" என்றேன். அதே வகுப்பறைக் குரல்.

பேபி எழுந்தாள். புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எட்டாங்கிளாஸ் பசங்க காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு சோறாக்கிட்டு மிஷின்ல போய் உக்கார்றது இல்ல டீச்சர்" என்றாள். போய்விட்டாள்.

நவம்பர் 16

வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 23

மழை இல்லை. வரவில்லை.

போன் பண்ணலாம்ல? பண்ணி என்ன சொல்றது? டீச்சர் மன்னிப்புக் கேட்டு எங்கயாவது... ச்சீ, யாருக்கு டீச்சர் இப்ப நீ? ஒரு பள்ளிக்கூடமும் இல்ல, ஒரு ஸ்டுடியோவும் இல்ல.

அவர் பெங்களூருக்குக் கிளம்பியபோதும் இப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவரே வந்து பேசட்டும் என்று.

நவம்பர் 30

காலையிலிருந்து மழை. குடையை எடுத்துக்கொண்டு இரும்புலியூருக்குப் போனேன். சர்ச் பின்னால் என்று ஜெபராஜ் எப்போதோ சொன்னது ஞாபகம். தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வீட்டில் விசாரித்தேன். யார் வீட்டுக்காவது நானாகப் போய்க் கதவைத் தட்டியது எப்போது என்று யோசித்தேன். ஞாபகமே வரவில்லை.

பேபி வாசலில் முறத்தால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இன்னா டீச்சர், இந்த மழைல வூடு தேடி வந்துகினு?"

வழியெல்லாம் தயார் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது. வரவில்லை. "நான் அப்டி பேசியிருக்கக் கூடாது பேபி. நீ வராம எனக்கு... ஞாயித்துக்கிழமையே போக மாட்டேங்குது" என்றேன்.

முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, துண்டு எடுத்தாங்க! டீச்சர் நனஞ்சு நிக்கறாங்க" என்றாள்.

ஜெபராஜ் துண்டோடு வந்தார். கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூவரும் டீ குடித்தோம். இப்போது ஞானஸ்நானம், காதுகுத்து என்று வீடியோ வேலை கொஞ்சம் வருகிறதாம். பேபி தானே நோட்டை எடுத்து வந்து பென்சிலை என் கையில் கொடுத்தாள். "எங்க வுட்டேன், அத காட்டுங்க. ஆனா கத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

கத்தவில்லை.

ஜனவரி 5

படப்பையில் ஒரு பள்ளியில் வேலை, ஏழு, எட்டாம் வகுப்புக்கு. தற்காலிகம்தான். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 8

பேபி ஐக்கிய நாடுகள் சபை, அதன் பொதுச்சபை எல்லாம் ஒப்பித்துவிட்டாள். பிறகு என் சமையலறையைப் பார்த்து, "ஒரு ஆளுக்கு இவ்ளோ சின்ன சட்டியாக்கா?" என்றாள். எப்போதிலிருந்து அக்கா என்று கூப்பிடுகிறாள்? கவனிக்கவில்லை.

ஏப்ரல் 10

கடைசித் தாள் முடிந்தது. பேபி மதியம் வெளியே வந்து, "எல்லாத்தையும் எழுதிட்டேன்க்கா, ஒரு நெடுவினா மட்டும் பாதில நிக்குது, பெல் அடிச்சுட்டான்" என்றாள். பாஸாவாள் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டேஷன் எதிரில் இருவரும் பிரியாணி சாப்பிட்டோம். அவள் நாளைக்கே ஷிப்டுக்குப் போக வேண்டும்.

காலையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். ஜெபராஜுக்கு ஒரு ஞானஸ்நான ஷூட்டிங். அதனால் நான் விடுப்புச் சொல்லிவிட்டுத் தேர்வு மையத்துக்கு அவளோடு போனேன். கேட்டைச் சாத்திய பிறகும் வீட்டுக்கு வர மனம் இல்லை. மதிலோரம் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். நான் நிற்பதைப் பார்த்து ஒரு அம்மாள் கேட்டார்.

"உங்க பொண்ணா எழுதுது?"

"இல்லங்க."

"சொந்தமா?"

மாணவி என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை.

"என் ஃப்ரெண்டு" என்றேன்.

அந்த அம்மாள் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லாததுபோலத் தலையாட்டிவிட்டு, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிழலில் எனக்கு இடம் விட்டார்.