எழுத்தை எண்ணிய நிரல்

புதன்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் நூலகப் பட்டியல் கெட்டுப்போனதற்குக் காரணம் நீ பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்த நிரல்தான் என்பது நேற்று மாலை உறுதியானது. உறுதிசெய்தவர், நூலகர்களுக்கான நிரல் உதவிக் குழுவில் 'ஆந்தை' என்ற பெயரில் பதில் எழுதும் அம்மாள். இன்று காலை என் மேசையில் நானும் அதே சோதனையைச் செய்து பார்த்தேன். அதே முடிவுதான் வந்தது.

வழக்கப்படி 'அன்புள்ள' என்று தொடங்கிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும். தாளில் எழுதுவது ஏன் என்று கேட்காதே. மின்னஞ்சலை நீ திறப்பதில்லை. கைபேசியை எடுக்கும் உன் மனைவி, நீ அலுவலகக் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கும் கூட்டம் போடுகிற அலுவலகம் உன்னுடையது ஒன்றுதான்.

சோதனையைப் பற்றிச் சொல்கிறேன், தெரிந்த விஷயம்தானே என்று தாண்டிப் போகாதே. ஒவ்வொரு புத்தகப் பதிவின் தலையிலும் அந்தப் பதிவின் நீளம் ஓர் எண்ணாக இருக்கிறது. புதிய மென்பொருள் அந்த எண்ணை நம்பித்தான் பதிவை வாசிக்கிறது. அது பைட் கணக்கில், அதாவது கணினியில் பதிவு பிடிக்கும் இடத்தின் அளவில், இருக்க வேண்டும். பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்த உன் நிரல் எழுத்தை எண்ணிப் போட்டது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. நம் எழுத்துக்கு மூன்று பைட், கொம்போ காலோ சேர்ந்தால் ஆறு. மென்பொருள் நம் மொழிப் பதிவைப் பாதியிலேயே முடிந்ததாக எடுத்துக்கொண்டு, முழுப் பதிவையும் கெட்டது என்று தள்ளிவிட்டது. ஆந்தை அம்மாள் ஆங்கிலத்தில் ஒரு பதிவையும் நம் மொழியில் ஒரு பதிவையும் உன் நிரலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் செய்தது அவ்வளவுதான். நீ செய்யாமல் விட்டதும் அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை எழுதினாய். எதிர் அலமாரியில் அம்மாவின் புத்தகங்கள் வரிசையாக நின்றன. ஒரு தலைப்பையாவது தட்டிப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை.

பதிவுகளை ஏற்றிய அன்று திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகள் ஓடின. உடனே உன்னை அழைத்துக் கேட்டேன். நீ சொன்னதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "அக்கா, அது சும்மா மிரட்டும். கண்ண மூடிட்டு ஏத்து. தப்பு வந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றாய். என்ன பெயர் யோசித்திருக்கிறாய்?

பிறகு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது, பட்டியலில் பதிவு இல்லாத புத்தகத்துக்கு இடம் இல்லை என்று மேலிடம் உத்தரவு போட்டது. கிழிந்ததையும் உபரியையும் கழிக்கத்தான் அந்த உத்தரவு. அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நீ வரவில்லை என்பதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதியாயிற்று. நான் திரும்பி வந்தபோது குழந்தைகள் பிரிவில் இரும்பு அலமாரிகள் மட்டும் இருந்தன. ஆங்கிலப் புத்தகங்கள் புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தன, நம் மொழிப் புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய தாள் வாங்குகிறவரின் லாரியில் ஏறி, காகித ஆலைக்குப் போய், கூழாகியும் விட்டன. ஆலைக்கே நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களின் பகுதி இரண்டாம் லாரிக்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது, அதை நிறுத்திவிட்டேன். மூலப் பதிவுகளின் நகல் தலைமை அலுவலகத்தில் இருப்பதால் பட்டியலை மீட்டுவிடலாம். புத்தகங்களை மீட்க முடியாது.

தெருமுனைத் தையற்கார அம்மாள் மகளுக்காக வாராவாரம் இரண்டு புத்தகம் எடுப்பவர். காலி அலமாரியைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். புதுக் கட்டடத்துக்காக வேறு இடத்தில் அடுக்குகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

தலைமை நூலகர் எனக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார். பதிவுகளைச் சரிபார்க்காமல் ஏற்றியது, அதனால் அரசுச் சொத்து அழிந்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். நிரூபணமானால் வேலை போகும். அப்போதும் உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கே தவறு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று உதவிக் குழுவில் கேட்டேன். அங்கே உன்னை வாத்தியார் என்று அழைக்கிறார்கள். யாரோ ஒரு நூலகர், எங்கோ ஒரு மூலையில், நிரலில் அரைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டுத் தவித்தால் நீ பத்து நிமிடத்தில் பதில் போடுகிறாய். பொறுமையாக, வரி வரியாக. அடடா, எவ்வளவு நல்ல மனிதர் என்று நானே சில பதில்களை இரண்டு முறை படித்தேன்.

எனக்கும் பதில் போட்டாய். என் அலுவலக முகவரியிலிருந்து வந்த கேள்வி என்பது தெரிந்தும், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலில் கையேட்டைப் படியுங்கள்" என்று எழுதினாய். ஊர் உலகத்து நூலகர்கள் எல்லாம் அதைப் படித்தார்கள், சிலர் சிரித்தார்கள். கூடம் கோணலா என்று பார்க்க ஒருவர்தான் வந்தார். ஆந்தை அம்மாள் தனியே எழுதி, ஒரே ஒரு பதிவை அனுப்பச் சொன்னார்.

அது போகட்டும், வாய்க்கொழுப்பு. ஆனால் விசாரணை அதிகாரி கேட்டபோது நீ கொடுத்த பதில் வாய்க்கொழுப்பு அல்ல. நிரலில் குறை இல்லை, பயன்படுத்தியவருக்குப் பழக்கம் போதாது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறாய். இன்று மதியம் ஆந்தை அம்மாளின் சோதனையை அந்த அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "நிரல் எழுதினவரே தப்பில்லன்னு எழுத்துல குடுத்திருக்காரும்மா. குற்றம் சாட்டப்பட்டவங்க நீங்க. நீங்க கொண்டுவர்றத நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும். போன வாரம் உன் மனைவி அம்மாவை அழைத்தாள். பெரிய நிறுவனத்தில் உனக்கு நேர்காணல் நடக்கிறதாம். இந்த நிரலை நீ இலவசமாக நூலகங்களுக்குக் கொடுத்ததுதான் அவர்களுக்குப் பிடித்ததாம். "அக்கா கொஞ்சம் பொறுத்துக்கட்டும் அத்தை. அவங்களுக்குக் கவர்மென்ட் வேலைதானே, யாரு தூக்கிடப் போறாங்க" என்றாளாம். அம்மா அதை என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு, "அவன் சின்னவன், நீ பாத்துக்க" என்றார். உனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. தலையில் பாதி நரைத்த சின்னவன் நம் வீட்டில்தான் இருக்கிறான். அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணில் மருந்து விடும்போது உன் பெயரை நான் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மருந்து கன்னத்தில் விழுகிறது.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு நூலகம் வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் நிரலை ஓட்டிப் பதிவுகளை ஏற்றப்போகிறது. அவர்களும் கட்டடம் மாறுகிறார்கள். ஆந்தை அம்மாள் நேற்றே குழுவில் உண்மையை எழுதத் தயாராக இருந்தார். சனிக்கிழமை மதியம்வரை பொறுக்கும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அவரும் பொறுக்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஏன் பொறுக்க வேண்டும், எழுதினவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். "ஆமா, தெரிஞ்சவர்தான்" என்று மட்டும் சொன்னேன்.

ஆந்தை அம்மாள் கண்டுபிடித்த திருத்தம் ஒரே ஒரு வரி. எழுத்தை எண்ணுவதற்கு முன் பைட்டாக மாற்றச் சொல்லும் வரி. தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை உன் பெயரிலேயே வெளியிடலாம், ஆந்தை அம்மாளுக்கு ஆட்சேபம் இல்லை. 'தவறு என்னுடையது, மலையடிவார நூலகம் நிரலை ஓட்ட வேண்டாம்' என்று குழுவில் நீயே நான்கு வரி எழுது. அதையே விசாரணை அதிகாரிக்கும் அனுப்பு. தன் தவறைத் தானே சொல்கிறவனுக்கு வேலை கொடுக்காத நிறுவனத்தில் நீ போய் என்ன செய்யப்போகிறாய்? இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும் என்று கூரியர்காரர் சொல்லியிருக்கிறார். உனக்கு ஓர் இரவும் ஒரு காலையும் இருக்கின்றன. ஏழெட்டு நிரல் எழுதிய ஆள் நீ, நான்கு வரிக்கு அது போதும்.

உன் நேர்காணல் நல்லபடியாக முடியட்டும். கோபத்தில் எழுதவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். நீ வந்தால் மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்வார்.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. முதல் கேள்வி என்னவென்று அதிகாரி இன்றே சொல்லிவிட்டார். அந்த நிரலை எழுதியவர் எனக்கு என்ன உறவு என்று கேட்பாராம். அலுவலகத்தில் இதுவரை யாருக்கும் தெரியாது. அன்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் 'என் தம்பி' என்ற சொல்லை எந்தக் குரலில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அது சனிக்கிழமை மதியத்துக்குள் தெரியும்.

இப்படிக்கு,
அக்கா