லிஃப்டில் சொன்ன வாழ்த்து

அன்புள்ள அம்மாவுக்கு ஆஷ்லின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் வியன்னாவில் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

“அங்கன எல்லாரும் மரியாதையானவகளாமே” என்று கேட்டீர்களே. இங்கே லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் “க்ரூஸ் கொட்” என்று சொல்வது வழக்கம். கடவுள் உங்களை வாழ்த்தட்டும் என்று அர்த்தம். கீழ்வீட்டுப் பெரியவர் எல்லாருக்கும் பதில் சொல்வார். நான் சொன்னால் மட்டும் சுவரைப் பார்ப்பார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. லிஃப்ட் கதவை மறித்து நின்றேன்.

“முதியோர் இல்லத்தில் உங்கள் வயதுக்காரர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறேன். எனக்குப் பதில் சொல்ல மாட்டீர்களா?” என்றேன். அவர் முகம் சிவந்துபோய், முணுமுணுப்பாக “க்ரூஸ் கொட்” என்றார். நான் வழிவிட்டேன்.

பயப்படாதீர்கள், சண்டையெல்லாம் இல்லை. வேலைக்கு வெளியே இந்த வாரம் என்னிடம் யாராவது பேசியது அது ஒன்றுதான். அதையும் அதட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் கோபம் அடங்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்வீட்டி லீவுக்குச் சிவகாசி வருகிறாள். விருதுநகர் மிளகாய் வற்றல் கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் கையாலேயே என் பெயரை எழுதுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. லிஃப்டில் அவர் இருந்தால் இன்றைக்கும் நான்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் மகள்,
ஆஷ்லின்