வெடிக்கு அசையாத நாய்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

தொண்டை டாக்டர் இன்னும் பத்து நாள் என்கிறார். ஏற்கெனவே மூன்று மாதம் ஓடிவிட்டது. இருபது வருடமாக இந்தப் பண்ணையில் வேட்டை நாய்களைப் பழக்கக் கத்திக் கத்தியே தொண்டைக்குள் கட்டி வந்ததாம். அறுத்து எடுத்தாயிற்று. ஆறும்வரை மூச்சு விடலாம், பேசக் கூடாது. விசில்கூட ஊதக் கூடாது. வாய்க்குப் பூட்டுப் போட்டதால்தான் இந்த நோட்டு. இதிலாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "நாள் பூரா முப்பது பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுட்டு வர்றேன். இப்பல்லாம் வீட்டுக்குள்ள வந்தா சொர்க்கமா இருக்கு" என்கிறார். சிரிக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, புதன்

காலையில் பத்து நாய்களையும் ஓடவிட்டேன். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. வயிறு நிறைந்து ஓடினால் குடல் முறுக்கிக்கொள்ளும். முதலாளிக்கு இது இன்னும் மண்டையில் ஏறவில்லை, "பாவம், பசிக்குது பாரு" என்று ரொட்டியைத் தூக்கிப் போடுகிறார். கையை ஆட்டித் தடுத்தேன். வாய் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

உடைத்த கோதுமை, வேகவைத்த ஈரல், எலும்புத் தண்ணீர். பிறகு ஒவ்வொன்றின் காதையும் விரித்து உண்ணி பார்த்தேன், விரல் இடுக்கில் முள் பார்த்தேன். சுண்ணாம்பு என்கிறவன் மட்டும் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான். உடம்பில் ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை, மூக்கைத் தவிர எல்லாம் வெள்ளை. நான் வாயை மூடிய பிறகு வந்தவை இந்தப் பத்தும், அதனால் எல்லோரையும் வெறும் கையசைவிலேயே பழக்கினேன், வேறு வழி? உள்ளங்கையைக் கீழே காட்டினால் படு. கையை நீட்டினால் அந்தப் பக்கம் தேடு. மற்றவை மனசு இருந்தால் பார்க்கும். இவன் பார்த்துக்கொண்டே இருப்பான். இருபது வருடத்தில் இப்படி ஒருத்தன் எனக்கு வாய்த்ததில்லை.

ஒரே குறை, தூக்கம். சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு மற்றவையெல்லாம் துள்ளி ஓடிவரும். இவனை யாராவது மிதித்தால்தான் எழுந்திருப்பான். பெரிய இடத்துப் பிள்ளை!

ஆகஸ்ட் 8, சனி

இன்று வெடிப் பரீட்சை. இரவு முழுக்கத் தூக்கமில்லை எனக்கு. போன வருடம் விற்றதில் மூன்று நாய்கள் திரும்பி வந்தன. பறவை பதுங்கிய இடத்தைக் காட்டும், துப்பாக்கி வெடித்ததும் தலைதெறிக்க ஓடிவிடும். முதலாளி அப்போதே சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷம் ஒண்ணு திரும்பி வந்தாலும் நீங்க வேற வேலை பாத்துக்கங்கம்மா."

பல் டாக்டர் ஒருவர் நாய் வாங்க வந்திருந்தார். முதலாளி வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார். ஒன்று கூண்டுக்கு ஓடியது, ஒன்று என் காலுக்குள் புகுந்தது. சுண்ணாம்பு புதரைப் பார்த்தபடி சிலை மாதிரி நின்றான்.

"கண்ணைக்கூட இமைக்கல! அம்மா, இவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

நான் பெருமையாக என் கையைத் தூக்கிக் காட்டினேன். வேட்டைச் சீசன் தொடங்கும் முன் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, புதன்

இன்னும் இரண்டு நாள். முதல் வார்த்தையாக யாரைக் கூப்பிடுவேன் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

தொண்டை டாக்டர் பேசலாம் என்றார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராகப் பண்ணைக்கு வந்தேன். மத்தியானம், எல்லாம் நிழலில் படுத்திருந்தன. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். "டேய் சுண்ணாம்பூ!"

ஒன்பது நாய்களும் எழுந்து குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. என் குரலை அதுவரை கேட்டதே இல்லை, ஆனாலும் வந்தன. சுண்ணாம்பு எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. ஒரு காது அசைய வேண்டுமே! பக்கத்தில் போய்த் தலைக்குப் பின்னால் தட்டை அடித்தேன். அவன் பாட்டுக்குத் தூங்குகிறான்.

தோளைத் தொட்டதும் விழித்தான். என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டினான்.

இல்லை. இருக்காது.

ஆகஸ்ட் 15, சனி

விசில், தகரம், வேன் ஹாரன். வீட்டுக்காரரையே வேனோடு கூட்டிவந்து அவனுக்குப் பின்னால் நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. பிறவியிலேயே கேட்காது போலிருக்கிறது. வெள்ளை நாய்களில் சிலதுக்கு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பிறந்தவளா நான்? தெரிந்தும் பார்க்கவில்லையே. மூன்று மாதம் கையையே காட்டிக்கொண்டிருந்தேன், அவனும் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். வெடிக்கு அசையவில்லையாம்! எது கேட்டு அசைவான்?

"முதலாளிகிட்ட சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

சொன்னால் அவனுக்குச் சாவு ஊசி. இந்தப் பண்ணையில் வேலைக்கு ஆகாத நாய்க்கு வேறு இடம் கிடையாது. போன வருடம் அந்த மூன்றும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 17, திங்கள்

சொல்லவில்லை. கையைப் பார்க்கிறவன்தானே, பல் டாக்டருக்கும் கையசைவைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா? அவனும் பிழைப்பான், என் வேலையும் பிழைக்கும். ஆனால் புதருக்குள் போய்விட்டால் யார் கையைப் பார்ப்பான்? ரோட்டில் வண்டி வந்தால்?

மூன்று மாதம் பேச முடியாமல் தவித்தேன். இப்போது பேச முடியும், முதலாளி எதிரில் வந்தால் மென்று விழுங்குகிறேன்.

ஆகஸ்ட் 19, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, சனி

பல் டாக்டர் அவனோடு பழக வந்தார். "இவனைக் கூப்பிடாதீங்க சார், கையை மட்டும் காட்டுங்க. கத்தினா இவனுக்குப் பிடிக்காது" என்றேன். வெட்கமாயிருந்தது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார், "என்னை மாதிரியே" என்றார்.

புல்வெளி ஓரத்தில் நிஜத் தோட்டா. சுண்ணாம்பு பறவையைக் காட்டினான், அது தாழப் பறந்தது, டாக்டர் துப்பாக்கியைத் தூக்கினார். அவன் அதைத் துரத்திக்கொண்டு குழலுக்கு நேரே ஓடினான். "நில்லு! நில்லு!" டாக்டர் கத்துகிறார், நானும் கத்துகிறேன், புதுத் தொண்டை கிழியக் கத்துகிறேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் ஓடிக்கொண்டே இருந்தான். டாக்டர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். எப்படி எடுத்தாரோ.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அவனுக்குக் காது கேக்காது சார். ஒரு வாரமா எனக்குத் தெரியும்."

டாக்டர் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை உருவினார். "ஒரு வாரமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

முதலாளி பேசினார், நிறையப் பேசினார். "வர்ற வெள்ளிக்கிழமை மாட்டு டாக்டர் வர்றார். ஊசி போட்டுடலாம். அதுக்கப்புறம் உங்க கதையைப் பேசுவோம்."

ஆகஸ்ட் 24, திங்கள்

ஈரலை அவனுக்குக் கூடுதலாக வைத்தேன். மிச்சம் வைக்காமல் தின்றான். அழுகையாக வருகிறது.

அவனை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரெண்டு ரூம்ல நமக்கே இடமில்ல. வாசல்ல பஸ் போகுது. அவன் எத்தனை நாள் தாங்குவான், சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 27, வியாழன்

கை ஓடவில்லை, ஆனால் வேலை நிற்குமா? பண்ணையில் வளர்கிற ஏழு ஆறு மாதக் குட்டிகளுக்கும் இன்று முதல் வெடி. மிளகு என்கிற பெட்டைதான் மோசம், தட்டு விழுந்தாலே மூத்திரம் போகும். கடைசி நாள் தனியாக அடைத்து வைக்க மனசு வரவில்லை, அதனால் சுண்ணாம்பையும் மைதானத்தில் பக்கத்திலேயே கட்டியிருந்தேன்.

தூரத்தில் பண்ணைக் காவலாளி சுட்டார். குட்டிகள் சிதறின. மிளகு ஓடி வந்து சுண்ணாம்பின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவன் என் கையைப் பார்த்தபடி நிற்கிறான். இரண்டாவது வெடி. மிளகு மெல்லத் தலையை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை, பயமில்லை. மூன்றாவது வெடிக்கு அது வெளியே வந்து உட்கார்ந்தது. நாலாவதுக்கு என் கையிலிருந்து ஈரலைத் தின்றது.

மற்றக் குட்டிகளையும் அவனைச் சுற்றிக் கட்டினேன். "இன்னொண்ணு சுடுங்கண்ணே! இன்னும் கிட்ட வந்து!" என்று கத்தினேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

மாட்டு டாக்டர் பெட்டியைத் திறக்கும் முன் முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். பத்து நிமிஷம் நில்லுங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்றேன். ஏழு குட்டிகள், நடுவில் அவன், ஆறு வெடி. முதலாளி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

"இது ஓடலையே... மிளகு ஓடலையே" என்றார்.

"போன வருஷம் திரும்பி வந்ததுங்களுக்கு இப்படிப் பக்கத்துல நிக்க ஒருத்தன் இல்ல முதலாளி."

நேரே மாட்டு டாக்டரிடம் போனார். வந்ததற்கு மாட்டு டாக்டர் எல்லோருக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிட்டுப் போனார். சுண்ணாம்புக்கும்.

அக்டோபர் 10, சனி

மிளகைப் பல் டாக்டர் கூட்டிப்போனார். வண்டியில் ஏற்றும்போது மட்டும் என்னிடம் பேசினார். "இதுக்கு எல்லாம் கேக்குதா?"

"எல்லாம் கேக்கும் சார். நானே சொல்றேன்."

மற்ற நாய்களும் வாங்கியவர்களோடு காட்டுக்குப் போயின. கதவு மூடும்போது சுண்ணாம்பு கம்பியில் முகத்தை வைத்து வண்டி மறையும்வரை பார்த்தான். அவன் ஒருநாளும் போகப் போவதில்லை. அதை அவனுக்குச் சொல்ல எனக்கு எந்தக் கையசைவும் தெரியாது.

மத்தியானம் அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் கொண்டு வந்தார்கள், எட்டு. தட்டைத் தூக்கினாலே நடுங்குகின்றன. நடுவில் அவனைக் கட்டிவிட்டு எதிரில் போய் நின்றேன். காவலாளி சுட்டார். எட்டும் அவனைப் பார்த்தன. அவன் என் கையைப் பார்த்தான்.