ஃபெலிக்ஸ் நேற்று மாலை வந்திருந்தார்

10 மார்ச் 2009, செவ்வாய்

காலையில் மீட்டிங். நின்றுகொண்டே பேசினால் சீக்கிரம் முடியுமாம். கால் கடுத்ததுதான் மிச்சம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்று பாதி போய்விடுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், "இந்த வயசுலயும் கோடிங்தானா சார்?" என்று கேட்டான். தச்சனிடம் போய், இன்னும் மரமா அறுக்கிறாய் என்று கேட்பானா?

மதியம் எங்கள் அமெரிக்க வாடிக்கையாளரான ஓஹையோ ஆஸ்பத்திரியின் சர்வரில் புது ப்ரோக்ராமை ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கம்போல ஃபெலிக்ஸின் லாகினில் உள்ளே போனேன். எங்கள் குழுவில் அவனுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. போன செப்டம்பரில் பைக் விபத்தில் ஆள் போய்விட்டான், அனுமதி போகவில்லை. புதிதாகக் கேட்டால் ஆறு வாரம் ஆகும் என்று, அவன் இறந்ததையே மேனேஜர் வாசு ஓஹையோவுக்குச் சொல்லவில்லை.

திரையில்: வெல்கம் ஃபெலிக்ஸ். நீங்கள் கடைசியாக வந்தது நேற்று மாலை.

பாஸ்வேர்ட் அவன் மகள் பெயர். ப்ரியா, பின்னால் ஓர் எண். மாதாமாதம் மாற்றச் சொல்லிக் கேட்கும். நாங்கள் எண்ணை மட்டும் கூட்டுகிறோம். அவன் விட்டுப்போனபோது நாலு. இப்போது பத்து.

15 மார்ச், ஞாயிறு

மெட்டுகுடா காய்கறிக் கடையில் ஃபெலிக்ஸின் மனைவி புஷ்பா. ரயில்வேயில் வேலை, பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாள். என்னையும் என் மனைவி கிரிஜாவையும் பார்த்ததும் நின்றாள்.

"ஆபீஸ்ல அவுகள பத்தி யாராவது பேசுதாகளா அண்ணாச்சி?"

"தினமும் பேசுறோம்மா."

பொய் இல்லை. 'ஃபெலிக்ஸ்ல உள்ள போ.' 'ஃபெலிக்ஸை யாரு வெச்சிருக்கா? வெளிய வாங்க.' நாள் முழுக்க இதே பேச்சு. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

16 மார்ச், திங்கள்

லாகினை மூடச் சொல்லி வாசுவிடம் கேட்டேன். "கைக்கு டென்ஷன் சார்? வேலை நடக்குதுல்ல?" என்றான். செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்; 'கைக்கு' என்றால் எதற்கு.

2 ஏப்ரல், வியாழன்

எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. சோதனைக்காக எழுதிய அழிக்கும் ப்ரோக்ராமை யாரோ நிஜ சர்வரில் ஓட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் அடுத்த வார முன்பதிவுகள் மொத்தமும் காலி. நகலில் இருந்து மீட்டுக்கொடுத்தாயிற்று. ஆனால் ஓட்டியது யார்? பதிவில் ஒரே பெயர்: ஃபெலிக்ஸ்.

எங்களில் யாராகவும் இருக்கலாம். "நான் இல்ல சார்" என்று குழுவிலேயே சின்னவள் மாதங்கி கேட்காமலே வந்து அழுதாள். செய்தவன் பெயர் தெரியாத வேலை வேலையே இல்லை என்று நானும் சர்வீஸுக்கு வந்த நாள் முதல் கத்துகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

3 ஏப்ரல், வெள்ளி

யார் இந்த ஃபெலிக்ஸ், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஓஹையோ கேட்கிறது. வாசு பதில் தயார் செய்துவிட்டான்: கவனக்குறைவுக்காக ஃபெலிக்ஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சீனியர் என்று கீழே என் பெயரும் வேண்டுமாம்.

"யாருக்கும் நஷ்டம் இல்ல சார். அவர்தான் இல்லியே."

படுபாவி. செத்தவனை டிஸ்மிஸ் பண்றானே! டெஸ்ட் பண்ணாம ஒரு வரி ஏத்த மாட்டானே அவன்... அவன் பேர்லயா இந்தப் பழி? நாளைக்கு புஷ்பா கேட்டா என்ன சொல்ல? 'ஆமாம்மா, பேசுறாங்க' — இதையா?

முடியாது என்றேன். "மார்க்கெட் நிலைமை தெரியும்ல சார்?" என்று மட்டும் சொன்னான். ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று கேள்வி. பையன் இப்போதுதான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

4 ஏப்ரல், சனி

ஃபெலிக்ஸ் இருந்தால் என்ன சொல்வான்? 'டெஸ்ட் பண்ணினியா சேகர்?' என்றுதான் கேட்பான். வேறு எதுவும் கேட்டதே இல்லை.

6 ஏப்ரல், திங்கள்

ஓஹையோவுக்கு நானே எழுதிவிட்டேன். ஃபெலிக்ஸ் செப்டம்பரில் இறந்துவிட்டார். அதன் பிறகு அவர் பெயரில் நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம். அழித்தது யார் என்று எனக்குத் தெரியாது, அவர் இல்லை.

ஒரு மணி நேரத்தில் லாகினை மூடிவிட்டார்கள். மனசு கேட்காமல் ஒரு முறை அடித்துப் பார்த்தேன். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். செப்டம்பரில் அழாத அழுகை.

8 ஏப்ரல், புதன்

உண்மை சொன்ன ஆள் என்று அந்த அனுமதியை ஓஹையோ என் பெயரில் கொடுத்திருக்கிறது. வாசு என்னோடு பேசுவதில்லை.

29 மே, வெள்ளி

பட்டியலில் என் பெயர். காரணம் மார்க்கெட்டாம். ஒப்படைக்க வேண்டியவற்றில் ஓஹையோ பாஸ்வேர்டும் ஒன்று, எழுதி வாங்கிக்கொண்டார்கள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கச்சிபௌலியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கிரிஜா காபி கொடுத்தாள்.

17 செப்டம்பர், வியாழன்

ஜீடிமெட்லா மாத்திரைக் கம்பெனியில் எழுத வேண்டியது சரக்குக் கணக்கு ப்ரோக்ராம். சம்பளம் பாதி. என் வேலைக்கு என் பெயர், அது போதும்.

மதியம் மாதங்கி போன் செய்தாள். பழைய கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். பாஸ்வேர்ட் லாக் ஆயிடுச்சு. திறக்கணும்னா முதல்ல படிச்ச ஸ்கூல் பேரு கேக்குது."

"யாரோட பாஸ்வேர்ட்?"

"உங்களுதுதான் சார்... நீங்க போனதை வாசு சார் அங்க இன்னும் சொல்லல. புதுசா கேட்டா ஆறு வாரம் ஆகும்ல."

நான் கடைசியாக எப்போது உள்ளே வந்தேன் என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் சார்."

பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லவில்லை. "நான் செத்துட்டேன்னு ஓஹையோவுக்கு எழுதிடும்மா, ஒரு மணி நேரத்துல மூடிடுவாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் நான் கிரிஜாவோடு மெட்டுகுடாவில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன்.